கனடாவில் முதல் தையல் மெஷின்: ஊரிலிருந்து தூக்கி வரலாமா?

டொராண்டோவில் குடியேறிய முதல் குளிர்காலத்திலேயே வீட்டில் தையல் மெஷின் வேண்டும் என்பது தெரிந்துவிடும். கடையில் எடுக்கும் பேன்ட் எல்லாம் கால் நீளம், பிள்ளையின் பள்ளிக்கூடப் பை வார் பிரிந்து நிற்கும், ஊரில் தைத்துக்கொண்டு வந்த ப்ளவுஸ் ஒரு வருடத்தில் இறுகிப்போகும். சரி, அம்மா வீட்டில் சும்மா கிடக்கும் மெஷினையே கொண்டுவந்தால் என்ன என்று அடுத்து தோன்றும்.

மோட்டாரோடு வரும் மெஷின் என்றால் வேண்டாம். இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் 230 வோல்ட், கனடாவில் 120. அங்கத்திய மோட்டார் இங்கே சுற்றத்தான் செய்யும், ஆனால் பேன்ட் மடிப்பு மாதிரித் தடித்த இடம் வந்ததும் முனகிக்கொண்டு நின்றுவிடும். டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டலாம். அது மேசைக்கடியில் இன்னொரு பாரம். தவிர, ஒன்டாரியோவில் மின்பொருள்களில் சி.எஸ்.ஏ போன்ற அங்கீகார முத்திரை இருக்க வேண்டும்.

ஒரே விலக்கு அந்தப் பழைய கறுப்பு நேர்த்தையல் மெஷின். அதன் தலை வார்ப்பிரும்பு, 10 கிலோவுக்கு மேல் இருக்கும். 23 கிலோ பெட்டியில் பாதி அதற்கே போய்விடும். மோட்டார் தனியாகப் பூட்டுகிற வகை என்பதால், 120 வோல்ட் மோட்டாரும் மிதி பெடலும் இங்கே வாங்கிப் பூட்டிக்கொள்ளலாம். ஆனாலும் அதில் ஜிக்-ஜாக் கிடையாது. பிசிறும் ஓரத்தை அடிக்க வழியில்லாத மெஷினை முதல் மெஷினாக வைத்துக்கொள்வது வீண் பிடிவாதம். பாட்டி நினைவாக என்றால் அது வேறு விஷயம்.

இங்கே வாங்கப் போனால் பெட்டியில் 60 தையல், 100 தையல் என்று போட்டிருக்கும். அதைப் பார்த்து மயங்க வேண்டாம். நாம் உண்மையில் தைக்கப்போவது என்ன? லைனிங் வைத்த ப்ளவுஸ், புடவை ஃபால்ஸ், பேன்ட் மடிப்பு, திரைச்சீலை, பாவாடை. இவற்றுக்கு நேர்த்தையல், ஜிக்-ஜாக், பட்டன் காஜா மூன்றும் போதும். பின்தையல் லீவர் எல்லாவற்றிலும் இருக்கும். இவற்றைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது கைப்பகுதியை. முன்பக்கத் தட்டைக் கழற்றினால் குறுகலான கை மட்டும் மிஞ்ச வேண்டும். ப்ளவுஸ் கையும் பேன்ட் காலும் அதில்தான் வளையம்போல் மாட்டும். தையல் நீளமும் அகலமும் நம் விருப்பப்படி மாற்ற முடிகிறதா என்றும் பாருங்கள். புடவை ஓரம் அடிக்கும் பிகோ மெஷின் வீட்டுக்குத் தேவையில்லை. அகலம் 2.5, நீளம் 1 மில்லிமீட்டருக்குள் வைத்து, ஊசி ஒருமுறை துணியிலும் மறுமுறை ஓரத்துக்கு வெளியிலும் விழும்படி ஜிக்-ஜாக் ஓட்டினால் புடவை ஓரம் அடங்கிவிடும்.

புதிதாக வாங்குவோரைப் பெரிதும் இழுப்பது ‘ஹெவி டியூட்டி’ என்ற எழுத்து. சிங்கர் 4423 அந்த வகை: 23 தையல், நிமிடத்துக்கு 1,100 குத்து வரை போகும். ஜீன்ஸுக்கு நல்லதுதான். ஆனால் அது தொழிற்சாலை மெஷின் அல்ல, வீட்டு மெஷின்தான். பெடலை லேசாக மிதித்ததும் பாயும் வேகம் புதியவரைப் பயமுறுத்தும். வேகத்தைக் கட்டுப்படுத்த நகர்த்தும் பொத்தான் உள்ள கணினி வகை மெஷின் (பிரதர் கம்பெனியில் சில உண்டு) கற்பவருக்கு உண்மையிலேயே உதவும். அதில் உள்ளே இருக்கும் மின்பலகை கெட்டால் மட்டும் பழுதுபார்ப்பது கட்டுப்படியாகாது. கையடக்கமான பேட்டரி மெஷின்கள் பொம்மைகள். அவற்றின் பக்கமே போக வேண்டாம். விலைச்சீட்டில் உள்ளதோடு ஒன்டாரியோவில் 13 சதவீத வரியும் சேரும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் முதல் பரிந்துரை பழைய மெஷின். சியர்ஸ் கடைகள் கனடாவில் 2018 ஜனவரியோடு மூடப்பட்டன, ஆனால் அவை விற்ற கென்மோர் மெஷின்கள் இன்னும் வீடுவீடாக அடித்தளத்தில் கிடக்கின்றன. அடியிலோ பின்னாலோ உள்ள மாடல் எண் 385 என்று தொடங்கினால் அது ஜனோம் கம்பெனி தயாரித்தது. உள்ளே பெரும்பாலும் உலோகம், பாகமும் கிடைக்கும்.

பார்க்கப் போகும்போது சொந்தத் துணி கொண்டுபோங்கள். லைனிங்கோடு மடித்த டூ பை டூ ரூபியா ப்ளவுஸ் துணி ஒன்று, ஜார்ஜெட் ஒன்று, நான்காக மடித்த ஜீன்ஸ் ஒன்று. முதலில் பிளக்கைச் செருகாமல் கைச்சக்கரத்தை உங்கள் பக்கமாகச் சுற்றுங்கள். எங்காவது இறுகினால் பழைய எண்ணெய் பிசினாகக் கெட்டித்திருக்கும். அது சுத்தம் செய்தால் சரியாகும். ‘டக்’ என்று ஓரிடத்தில் மட்டும் தட்டினால் பல்சக்கரத்தில் பல் போயிருக்கலாம், விட்டுவிடுங்கள். ஜிக்-ஜாக் லீவர் அசைகிறதா என்றும் பாருங்கள், வருடக்கணக்கில் சும்மா இருந்த மெஷினில் முதலில் உறைவது அதுதான். பெடலும் பாபின் கேஸும் (கீழ்நூல் சுற்றிய பாபினை வைக்கும் கூடு) கூடவே இருக்கின்றனவா? இந்த இரண்டும் இல்லாத மலிவு மெஷின் மலிவே அல்ல.

பாபின் விஷயத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 15ஆம் வகை பாபினின் மேலும் கீழும் தட்டை, 66ஆம் வகையில் லேசாக வளைந்திருக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல இருப்பதால் கையில் கிடைத்ததைப் போட்டு விடுவோம். பிறகு கீழ்நூல் அறுபடும், சத்தம் வரும், நூல் இறுக்கத்தை மாற்றும் டென்ஷன் திருகைக் குறை சொல்வோம். பிளாஸ்டிக் பாபின் போடச் சொன்ன மெஷினில் இரும்பு பாபின் போடுவதும் இதே கதைதான். மேலிருந்து போடும் வகையில் கண்ணாடி மூடி வழியே எவ்வளவு நூல் மிச்சம் என்று தெரியும், புதியவருக்கு அது நிம்மதி. முன்னாலிருந்து மாட்டும் வகையில் கேஸ் ‘கிளிக்’ என்று உட்காராவிட்டால் கழன்று ஊசியை உடைக்கும்.

ஊசி எல்லா வீட்டு மெஷினுக்கும் பொதுவாக 130/705 எச் வகைதான். பட்டுக்கு 70ஆம் எண், காட்டன் ப்ளவுஸுக்கு 80, லைனிங்கும் ஜரிகை பார்டரும் சேரும் இடத்துக்கு 90, ஜீன்ஸுக்கு 100. ஜரிகை ஊசி முனையைச் சீக்கிரம் மழுக்கும், பட்டில் விழுந்த ஓட்டை மறையாது. ஆகவே பட்டைத் தொடும் முன் புது ஊசி. டி-ஷர்ட் துணிக்கு உருண்டை முனை ஊசி வேண்டும், இல்லாவிட்டால் தையல் விட்டுவிட்டுப் போகும்.

முதல் வாரத்தில் எல்லோருக்கும் நடக்கும் விபத்து ஒன்று உண்டு: துணிக்கு அடியில் நூல் பந்தாகச் சுருண்டு சிக்கும். சிக்கல் கீழே தெரிவதால் பாபினைத் திட்டுவோம். தப்பு மேலே இருக்கும். துணி அழுத்தும் பாதம் இறங்கியிருக்கும்போது நூல் கோத்தால் டென்ஷன் தட்டுகள் மூடியிருக்கும், நூல் உள்ளே போய் உட்காராது. பாதத்தைத் தூக்கி வைத்து மறுபடி கோத்தால் தீர்ந்தது. பிறகு டென்ஷனை 4இல் வைத்து, மேலே சிவப்பும் கீழே பச்சையும் போட்டு ஒரு துண்டுத் துணியில் ஓட்டிப் பாருங்கள். பச்சை மேலே எட்டிப் பார்த்தால் மேல்நூல் இறுக்கம், சிவப்பு அடியில் தெரிந்தால் தளர்ச்சி.

ஊரில் மிதி மெஷினில் கற்றவர்களுக்குக் கை நன்றாக இருக்கும், கால்தான் தகராறு. அங்கே நிறுத்த உள்ளங்கையால் சக்கரத்தைப் பிடிப்போம். இங்கே பெடலிலிருந்து காலை எடுத்தாலே போதும்.

ஜீன்ஸ் மடிக்கும்போது பக்கத் தையல் மேடு வந்ததும் பாதம் முன்னால் தூக்கிக்கொள்ளும், தையல் தவறும், ஊசி முறியும். அந்த இடத்தைச் சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டையாக்கி, பாதத்தின் பின்பக்கம் அதே கனத்துக்கு மடித்த துணியை வைத்தால் பாதம் சமமாக நிற்கும். அந்த நாலு குத்தைப் பெடலில் ஓட்டாதீர்கள், கைச்சக்கரத்தைச் சுற்றியே கடந்துவிடுங்கள்.

ஜனவரியில் காரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்த மெஷினை உடனே ஓட்டக் கூடாது. குளிரில் எண்ணெய் இறுகியிருக்கும், வெதுவெதுப்பான அறைக்குள் வந்ததும் இரும்பில் நீர் கோக்கும். ஓர் இரவு அப்படியே மூடி வைத்து, மறுநாள் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டுத் தொடங்குங்கள். தேங்காய் எண்ணெய் மட்டும் விடாதீர்கள்.