எண் 19 வயர்லெஸ் செட்: அடையாளம் பார்த்ததிலிருந்து ஹெட்போனில் சத்தம் வரும் வரை

முகப்பில் ஆங்கிலத்தோடு ரஷ்ய எழுத்தும் இருந்தால் சோவியத் செட் என்றே பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் டாங்கிகளுக்காக உருவான எண் 19 செட் அது. ரஷ்ய எழுத்துள்ளவை சோவியத்துக்கு அனுப்ப வட அமெரிக்காவில் தயாரானவை. எந்தப் பதிப்பு (மார்க்) என்பதை டயல் சொல்லும். மார்க் 1 டயல் 2.5 முதல் 6.25 மெகாஹெர்ட்ஸ் வரை. மார்க் 2, 3 இரண்டும் 2 முதல் 8 வரை. பெயர்த்தகட்டைவிட டயலை நம்பலாம்.

கிடைத்ததும் 12 வோல்ட் கொடுத்துவிடாதீர்கள். முதலில் பெட்டியிலிருந்து உருவி, ரப்பர் உறை போட்ட ஒயர்களை லேசாக வளைத்துப் பாருங்கள். பொடியாக உதிர்ந்தால் மாற்றத்தான் வேண்டும். பழைய பேப்பர் கண்டென்சர்கள் பெரும்பாலும் கசியும். அவற்றின் இடத்தில் 630 வோல்ட் பிலிம் கண்டென்சர்களைப் போட்டேன்.

வால்வுகளை, அதாவது வெற்றிடக் குழாய்களை, உள்ளே சூடாக்கும் ஹீட்டர்களில்தான் குழப்பம் வரும். 6.3 வோல்ட் வால்வுகளை இரண்டிரண்டாகத் தொடரில் இணைத்து 12 வோல்ட்டில் ஓட்டியிருக்கிறார்கள். ஒன்றைப் பிடுங்கினால் நன்றாக இருக்கும் ஜோடியும் அணையும். அது செத்துவிட்டதென்று தூக்கிப் போடாதீர்கள். எரியாத வால்வு எதையும் கழற்றி, ஹீட்டரை மல்டிமீட்டரில் அளந்துவிட்டே முடிவு செய்யுங்கள்.

வால்வின் தலையில் உள்ள உலோக முனைகளான உச்சித் தொப்பிகளும் ஏமாற்றும். 6கே7, 6கே8 வால்வுகளில் அது கிரிட் (சிக்னல் நுழையும் முனை), தொட்டால் ஹம் கேட்கும். ஒலிபரப்பும் வால்வான 807-இல் அதே இடத்தில் ஆனோடு, அங்கே 500 வோல்ட்.

12 வோல்ட்டை உயர் வோல்ட்டாக மாற்றும் டைனமோட்டரை ஒதுக்கிவிட்டு, மின்னோட்ட வரம்புள்ள பெஞ்ச் சப்ளையில் தொடங்கலாம். கேட்க மட்டும் 275 வோல்ட் ரெயில் (உயர் வோல்ட் இணைப்பு) போதும். 500-ஐ இணைக்கவே வேண்டாம். 100 வோல்ட்டில் ஆரம்பித்து, மின்னோட்டம் நிலைத்து நிற்கிறதா என்று பார்த்துப் பார்த்து ஏற்றுங்கள். ஏறிக்கொண்டே போனால் உடனே அணையுங்கள். எங்கோ கசிவு மிச்சமிருக்கிறது.

7 மெகாஹெர்ட்ஸில் ஹாம்களின், அதாவது அமெச்சூர் வானொலிக்காரர்களின், எஸ்.எஸ்.பி. (ஒற்றைப் பக்கப்பட்டைப் பேச்சு) வாத்துக் கத்தலாகத்தான் கேட்கும். ஹெட் டோனை (ஹெட்டரோடைன் டோன், செட்டுக்குள்ளேயே துணை அலை உண்டாக்குவது) போட்டு, ஆர்.எஃப். கெயினை (சிக்னல் பெருக்கத்தை) நன்றாகக் குறைத்தால் பேச்சு தெளியும். ஐ.எஃப். (செட்டுக்குள் சிக்னல் மாற்றப்படும் இடை அதிர்வெண்) 465 கிலோஹெர்ட்ஸ் என்பதால், அதன் இருமடங்காக 930 கிலோஹெர்ட்ஸ் தள்ளியுள்ள பலமான நிலையம் நடுவில் நுழையும். அதைப் பழுதென்று தேடி அலையாதீர்கள்.

இதே பெட்டிக்குள் குறுகிய தூரப் பேச்சுக்கென்று இருக்கும் பி செட்டை மட்டும் போடவே கூடாது. 229 முதல் 241 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் சூப்பர்ரீஜெனரேட்டிவ் வகை அது; கேட்கும்போதே ஒலிபரப்பவும் செய்யும். அந்த அலைவரிசை இன்றும் ராணுவ விமானங்களுடையது.