கடைசியில் வருபவரின் நடை: தஞ்சையிலிருந்து வேளாங்கண்ணிக்கு

ஆகஸ்ட் 29 மாலை வேளாங்கண்ணி மாதா கோயிலில் திருவிழாக் கொடி ஏறும். அதற்கு நாலைந்து நாள் முன்பே தஞ்சாவூர் - நாகப்பட்டினம் சாலையின் ஓரமெல்லாம் அங்கே நடந்து போகிறவர்களின் காவி தெரியத் தொடங்கிவிடும். செப்டம்பர் 8, மாதாவின் பிறந்தநாள் வரை அது ஓயாது. தள்ளுவண்டியில் ஒரு சொரூபம், அதைச் சுற்றி சீரியல் பல்பு, ஒரு பேட்டரி, ஒரு ஒலிபெருக்கி, பின்னால் பத்து முப்பது பேர். காவி கட்டியவர்கள் எல்லாரும் ஞானஸ்நானம் பெற்றவர்கள் அல்ல. பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டால் நடந்து வருகிறேன் என்று மாதாவிடம் சொல்லிவிட்ட எந்தச் சாமி கும்பிடுகிறவரும் அதில் இருப்பார். அவரை யாரும் எதுவும் கேட்பதில்லை. அதுதான் இந்தச் சாலையின் அழகு.

தஞ்சை திரு இருதயப் பேராலயத்தில் மந்திரிப்பு வாங்கிக் கிளம்பினால் அம்மாப்பேட்டை, நீடாமங்கலம், கொரடாச்சேரி, திருவாரூர், கீழ்வேளூர், நாகப்பட்டினம், பிறகு வேளாங்கண்ணி. நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மூன்று இரவுகள் போதும். இரண்டே இரவில் முடித்தோம் என்று பெருமை பேசும் குழுக்கள் உண்டு. அவற்றின் பின்னால் யார் எத்தனை மைல் தள்ளி நொண்டிக்கொண்டு வந்தார் என்பது அந்தப் பெருமையில் வராது.

வேகம்தான் முதலில் பிரச்சினை ஆகும். முன்னால் போகிற இளைஞர் மணிக்கு 5 கிலோமீட்டர் நடப்பார். முழங்கால் வலியுள்ள ஒரு அம்மா 3 நடப்பார். மூன்று மணி நேரத்தில் இருவருக்கும் இடையே 6 கிலோமீட்டர் இருட்டு. அதனால் மெதுவாக நடப்பவர்களை வண்டிக்கு நேர் பின்னால் விடவேண்டும். வண்டி அவர்கள் நடைக்குத்தான் உருள வேண்டும். நல்ல கால் உள்ள இரண்டு பேர் டார்ச்சோடு கடைசியில் வரவேண்டும், அவர்களுக்குப் பின்னால் ஒருவரும் இருக்கக் கூடாது. இதை ஒழுங்காகச் செய்கிற குழுவுக்கு அன்பைப் பற்றித் தனியாகப் பிரசங்கம் தேவைப்படாது.

விடியற்காலை 3 மணிக்குக் கிளம்பி 9-க்குள் நிறுத்திவிடுங்கள். மறுபடி மாலை 4 மணிக்கு மேல். ஆகஸ்ட் பகலில் தார் கொதிக்கும். வண்டி இடது ஓரமாகத்தான் போகும்; அதன் முதுகில் சிவப்பு மின்னும் விளக்கும், ஒளி திருப்பும் ஸ்டிக்கரும் கட்டாயம். வண்டியை விட்டுத் தனியாக நடப்பவர்கள் வலது ஓரமாக, எதிரே வரும் வாகனத்தைப் பார்த்தபடி நடக்க வேண்டும். இரவில் தார் இதமான சூட்டோடு இருக்கும், சாலையோரத்திலேயே துண்டை விரித்துப் படுக்கத் தோன்றும். வேண்டாம். பள்ளிக்கூடம், கோயில் வளாகம், கல்யாண மண்டபம் எதுவானாலும் கேளுங்கள், கொடுப்பார்கள். வயல் வரப்புக்கு ஒதுங்கப் போகிறவர்கள் டார்ச் இல்லாமல் போகக் கூடாது. இது கண்ணாடி விரியன் உள்ள மண்.

இனி கால். செருப்பில்லாமல் நடப்பதாக நேர்ந்துகொண்டவர்கள் மூன்று வாரம் முன்பிருந்தே தினமும் இரண்டு கிலோமீட்டர் தெருவில் வெறுங்காலோடு நடந்து தோலைப் பழக்க வேண்டும். பழக்காத கால் அம்மாப்பேட்டை தாண்டுவதற்குள் கொப்புளித்துவிடும். உராய்வு, சூடு, ஈரம் மூன்றும் சேர்ந்தால் கொப்புளம். பாதம் இதமாக இருக்கட்டும் என்று இடைவேளை தோறும் அரைமணி நேரம் உப்புத் தண்ணீரில் ஊறவைப்பது பழைய பழக்கம். ஊறிய தோல்தான் முதலில் உரியும். கழுவுங்கள், விரலிடுக்கு வரை துடையுங்கள், காற்றாட விடுங்கள், அவ்வளவுதான்.

சர்க்கரை நோயாளிகள் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. அவர்களில் பலருக்குப் பாதத்தில் உணர்வு குறைந்திருக்கும்; கண்ணாடிச் சில்லு குத்தியது திருவாரூரில் தெரியாது, வீட்டுக்குப் போய் ஒரு வாரம் கழித்து நாற்றத்தில்தான் தெரியும். 'மாதாவுக்குச் சொல்லிட்டேனே' என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்கு ஒரு செய்தி: தனிப்பட்ட நேர்ச்சையிலிருந்து விலக்கு அளிக்கப் பங்குக் குருவுக்கே அதிகாரம் உண்டு, திருச்சபைச் சட்டம் 1196. அடுத்த பிரிவு இன்னும் தாராளம்: நேர்ந்துகொண்டவரே அதை அதற்கு இணையான அல்லது அதைவிட மேலான நன்மையாக மாற்றிக்கொள்ளலாம். வெறுங்காலுக்குப் பதில் ஒரு தண்ணீர்ப் பந்தலில் மூன்று நாள் நின்று ஊற்றுவது எந்த வகையிலும் குறைந்த நேர்ச்சை இல்லை.

பந்தலில் காலைப் பார்க்கிறவர்களுக்கு வேலை தெரிந்திருக்க வேண்டும். முதல் வார்த்தை எப்போதும், "உட்காருங்கம்மா, காலை இப்படி நீட்டுங்க." அந்த அம்மா நீட்ட மாட்டார். "அழுக்கா இருக்குப்பா, வேணாம்" என்று சேலைக்குள் இழுத்துக்கொள்வார். அவசரப்படாமல் கீழே உட்கார்ந்து, வாளியை அருகில் இழுத்துவைத்து, கையில் தண்ணீரோடு காத்திருந்தால் கால் தானாக வரும். சோப்பும் சுத்தமான தண்ணீரும் போதும். உடையாத கொப்புளத்தை ஊசியால் குத்த வேண்டாம்; மேல்தோல்தான் அதற்கு நல்ல கட்டு. உடைந்திருந்தால் தோலைப் பிய்க்காமல் கழுவி, பெட்டாடின் களிம்பு தடவி, காஸ் துணி வைத்துத் தளர்வாகக் கட்ட வேண்டும். மஞ்சள், பற்பசை, காப்பித்தூள் எதுவும் வேண்டாம். ஒருவருக்குப் போட்ட கையுறையோடு அடுத்தவர் காலைத் தொடக் கூடாது.

இயேசு சீடர்களின் பாதம் கழுவியதைப் பெரிய வியாழனன்று கோயிலில் பன்னிரண்டு பேருக்குச் செய்வார்கள். வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டு வந்த பாதங்கள் அவை. கொரடாச்சேரிச் சாலையில் நீள்கிற பாதத்தில் தாரும் சாணியும் சீழும் இருக்கும். பாதம் கழுவியதைச் சொல்லும் யோவான் நற்செய்தி 13-ஆம் அதிகாரம் எதைப் பற்றிப் பேசுகிறது என்பது இங்கேதான் பிடிபடும்.

தாகத்துக்கு வருவோம். வேர்த்து ஒழுகும் உடம்புக்குச் சும்மா தண்ணீரை மட்டும் ஊற்றிக்கொண்டே இருந்தால் உப்பு குறைந்து தலை சுற்றும், கெண்டைக்கால் இழுக்கும். ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட் முழு ஒரு லிட்டருக்கு. சிறியது 200 மில்லிக்கு. பெரிய பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். உப்பு மிகுந்து தாகம் கூடும், வாந்தி வரும். பாக்கெட் இல்லையென்றால் காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. இந்த அளவைப் பந்தல் தட்டியில் எழுதியே வைத்துவிடலாம்.

நீர்மோருக்கு இந்த வழியில் தனி உரிமை உண்டு. வேளாங்கண்ணியின் நடுத்திட்டு என்ற இடத்தில் மோர் விற்ற கால் நடக்காத சிறுவனிடம் மாதா தம் குழந்தைக்கு மோர் கேட்டார், கொடுத்தான், எழுந்து நடந்தான் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. கேட்டவுடன் கொடுத்தான் என்பதுதான் அதில் முதல் அற்புதம் என்று தோன்றுகிறது. ஒரு லிட்டர் தயிருக்கு நாலு லிட்டர் தண்ணீர், உப்பு, இஞ்சி, கறிவேப்பிலை, கொஞ்சம் பெருங்காயம். காலையிலேயே அண்டா நிறையக் கடைந்து வைத்தால் பதினொரு மணிக்குப் புளித்துவிடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் கடையுங்கள். அலுமினிய அண்டா வேண்டாம், எவர்சில்வர் போதும். நாகப்பட்டினம் பக்கம் மீனுக்குப் போடும் பாளம் ஐஸ் சுலபமாகக் கிடைக்கும். அதை மோரில் போட்டுவிடாதீர்கள், அது குடிநீரில் செய்தது என்று நம்ப முடியாது. மண்பானையும் ஈரத்துணியும் இருக்கவே இருக்கின்றன.

சாப்பாட்டில் அன்புதான் சிக்கல். இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு பந்தல், எல்லாரும் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைப்பார்கள். மதியம் பிரியாணி சாப்பிட்டுவிட்டு நாலு மணிக்கு நடந்தவர்களில் பாதிப்பேர் வழியில் உட்கார்ந்துவிடுவார்கள். கொடுப்பவர்களுக்கு: விடிகாலைக்குக் கஞ்சியைவிடச் சிறந்தது இல்லை. ஒரு கிலோ அரிசி நொய், கால் கிலோ பாசிப்பருப்பு, பத்துப் பன்னிரண்டு லிட்டர் தண்ணீர், ஒரு கைப்பிடி பூண்டு, கொஞ்சம் வெந்தயம். நாற்பது ஐம்பது டம்ளர் வரும். பொட்டலம் கட்டினால் எலுமிச்சை சாதமோ புளிசாதமோ. சாம்பார் சாதத்தைச் சூடாக மூடி இரவு பத்து மணிக்குக் கொடுத்தால் விடியும்போது நூல் விட்டிருக்கும். தேங்காய்ச் சட்னி அதற்கும் முந்தி.

இந்த ஆற்றுச் சமவெளியில் கஞ்சித் தொட்டிக்கு ஒரு மூதாதை உண்டு. மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த கத்தோலிக்கர் வேதநாயகம் பிள்ளை, 1876-78 பஞ்சத்தில் தம் பொருளைக் கொட்டிப் பசித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றினார். அதைக் கண்ட கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் பாராட்டிப் பாட்டே கட்டினார். முதல் தமிழ் நாவலை எழுதியவர் என்று மட்டும் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தது போதாது.

ஜெபமாலைக்கு ஒரு நடைக்கணக்கு இருக்கிறது. ஐந்து பத்துகள் நிதானமாகச் சொல்ல இருபது நிமிடம். அந்த நேரத்தில் வண்டி ஒரு கிலோமீட்டர் நகர்ந்திருக்கும். வாய் சொல்ல, விரல் மணியைத் தள்ள, மனசுக்குக் கொஞ்சம் இடம் கிடைக்கும். தியானிக்கும் மறைபொருள்கள் கிழமைப்படி: திங்கள், சனி மகிழ்ச்சி, செவ்வாய், வெள்ளி துயரம், புதன், ஞாயிறு மகிமை, வியாழன் ஒளி. ஆனால் மூன்று நாளும் ஒலிபெருக்கியில் சத்தமாகவே சொல்லிக்கொண்டு போனால் யாருக்கும் உள்ளே எதுவும் இறங்காது. கிளம்பிய முதல் ஒரு மணி நேரம் மைக்கை அணைத்துவிடுங்கள். அந்த நேரத்துக்கு வெண்ணாற்றுப் பக்கம் தண்ணீர்ச் சத்தமும் தவளையும் போதும். மேட்டூர் தாமதமாகத் திறந்த ஆண்டானால் தவளையும் இருக்காது. அப்போது ஜெபத்தில் என்ன கேட்பது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நாகப்பட்டினத்திலிருந்து வேளாங்கண்ணிக்கு 12 கிலோமீட்டர். லூக்கா நற்செய்தி 24-ஆம் அதிகாரத்தில் எருசலேமிலிருந்து எம்மாவுக்கும் ஏறத்தாழ அவ்வளவு தூரம்தான். நம்பிக்கை போய்விட்டது என்று பேசிக்கொண்டு நடந்த இரண்டு பேரோடு வழிப்போக்கராகச் சேர்ந்துகொண்ட இயேசு, எடுத்ததும் ஆறுதல் சொல்லவில்லை. என்ன பேசிக்கொண்டு வருகிறீர்கள் என்று கேட்டார். அவர்கள் சொல்லி முடிக்கும் வரை கேட்டார். இந்தக் கடைசிப் பகுதியை இருவர் இருவராக நடக்கலாம். வழியில் வரும் பரவை கிராமம் வரை ஒருவர் பேசட்டும், மற்றவர் குறுக்கிடாமல் கேட்கட்டும். பிறகு மாற்றிக்கொள்ளலாம். கேட்பவர் சொல்லக் கூடாத வாக்கியங்கள் சில உண்டு: 'விசுவாசம் பத்தல', 'எல்லாம் நன்மைக்கே', 'எங்க சித்தி பொண்ணுக்கு இப்படித்தான் சரியாச்சு'. மூன்றாவது முறையாகக் குழந்தைக்கு வேண்டிக்கொண்டு நடப்பவளுக்கு அவை கல்லடிதான்.

கோபுரம் தெரிந்ததும் கடலைப் பார்த்து ஓடுவார்கள். கால் புண்ணோடு கடல் மணலில் இறங்குவது புண்ணைக் கெடுக்கும். களைத்த கால் அலை இழுப்பைத் தாங்கவும் தாங்காது. முதலில் குளியல், கட்டு மாற்றுதல், தூக்கம். பாவமன்னிப்பு கேட்கும் ஒப்புரவுக்கும் திருப்பலிப் பூசைக்கும் அதன் பிறகு போகலாம். திருவிழா நாட்களில் தமிழ், மலையாளம், தெலுங்கு, கொங்கணி எனப் பல மொழிகளில் பூசை நடக்கும், நேரப்பலகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். மாதா குளத்துக்குப் போகும் மணல் பாதையில் முழங்காலில் போகிறவர்கள் நடந்து வந்த அன்றே அதைச் செய்யக் கூடாது. மறுநாள் விடியற்காலை, மணல் சுடுவதற்கு முன், முட்டியில் துணி சுற்றி. சிராய்ப்பில் புகுந்த மணலைக் கழுவாமல் விட்டால் சீழ் வைக்கும்.

2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிறு. கரையில் இருந்த திருப்பயணிகளையும் கடைக்காரர்களையும் சுனாமி கொண்டுபோனது. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அலை ஆலயத்துக்குள் வரவில்லை என்று நன்றியோடு சொல்பவர்கள் உண்டு, சொல்லட்டும். ஆனால் அதை உரக்கச் சொல்லும் முன் பக்கத்தில் நிற்பவர் யார் என்று பார்க்க வேண்டும். பிள்ளையைக் கரையில் விட்டவரும் ஆண்டுதோறும் இதே மெழுகுவர்த்தியை ஏற்ற வருகிறார். அவரிடம் விளக்கம் எதுவும் வேண்டாம். அவர் நினைவுத்தூணுக்குப் போனால் கூடப் போய் நிற்கலாம்.

திரும்ப பஸ்ஸோ ரயிலோ பிடிக்கும் முன், தங்கிய இடத்தைப் பெருக்கிவிட்டுக் கிளம்புங்கள். குழுவுக்கு இரண்டு காலிச் சாக்கு முதலிலேயே வண்டியில் இருக்கட்டும். வாய்க்காலில் வீசும் பிளாஸ்டிக் டம்ளர் மதகில் போய் அடைத்தால் கடைமடைக்காரரின் சம்பா நாற்றங்காலுக்குத் தண்ணீர் ஏறாது, மோர் ஊற்றியவர் வயலாகவும் அது இருக்கலாம். சர்க்கரை உள்ளவர்கள் வீட்டுக்குப் போன பிறகும் ஒரு வாரம் இரவில் தரையில் கண்ணாடியை வைத்து உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். சிவப்போ நீர் வடிதலோ தெரிந்தால் மறுநாள் காலையே மருத்துவமனைக்கு.