பட்டறைக்கும் மூச்சு விட வேண்டும்
வீட்டில் சின்னதாக மரவேலைப் பட்டறை போடுகிறவர்கள் எந்த மெஷினை எங்கே வைப்பது என்று மாதக்கணக்கில் யோசிப்பார்கள். காற்றோட்டம் கடைசியில்தான் ஞாபகத்துக்கு வரும்.

எக்ஸாஸ்ட் ஃபேன் மட்டும் மாட்டினால் போதாது. உள்ளே காற்று வர வழியில்லை என்றால் அது சும்மா சத்தம்தான் போடும். எதிர்ச்சுவரில், ஃபேனின் வாயைவிடப் பெரிய திறப்பு வேண்டும். ஃபேனுக்குப் பக்கத்து ஜன்னல் திறந்திருந்தால், வந்த காற்று அப்படியே திரும்பிப் போய்விடும். எதிர்மூலைத் தூசி அசையாது. ஊதுபத்தி கொளுத்திப் பிடித்தால் புகை போகும் பாதை தெரிந்துவிடும். (தின்னர் டப்பா திறந்திருக்கும்போது வேண்டாம், சாமி!)

அப்புறம் கணக்கு. 12 அடிக்கு 10 அடி அறை, உயரம் 9 அடி என்றால் 1,080 கன அடி. மணிக்கு 10 முறை காற்று மாற, நிமிடத்துக்கு 180 கன அடி இழுக்கும் ஃபேன் வேண்டும். வலையும் குழாய் வளைவும் இழுவையைக் குறைக்கும். ஒரு சைஸ் பெரிதாகவே வாங்கலாம்.

நுண்தூசியை, மரத்தைத் தேய்க்கும் சாண்டர் மெஷின் பக்கத்திலேயே உறிஞ்சிவிட வேண்டும். வார்னிஷ் ஸ்ப்ரே அடிக்கச் சாதாரண ஃபேன் ஆகாது, மோட்டாரின் தீப்பொறியில் வார்னிஷ் ஆவி பற்றிக்கொள்ளும். வெட்டவெளியில் அடியுங்கள்.