தலைக்குள் கேட்கும் குரல்

“காதுல கேக்கலை, தலைக்குள்ள கேக்குது” என்று என் பெரியம்மா சொன்னதை வீட்டில் எவரும் பொருட்படுத்தவில்லை. காத்துக் கருப்பு என்று முடிவுகட்டி, மந்திரித்துத் தாயத்துக் கட்டிவிட்டார்கள். அவர் எவ்வளவு நுட்பமான வேறுபாட்டைச் சொன்னார் என்பது பல ஆண்டுகள் கழித்தே எனக்கு விளங்கியது.

தாமே பிரமைகளால் அவதிப்பட்ட ருஷ்ய மனநல மருத்துவர் விக்டர் கண்டின்ஸ்கி, 1885இல் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட நூலில் இந்த வேறுபாட்டைத்தான் ஆராய்ந்தார். வெளியே யாரோ பேசுவதாகக் கேட்பது ஒரு வகை. மனத்துக்குள்ளேயே, ஆனால் தெளிவாகவும் நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாமலும் எழுவது மற்றொரு வகை. பின்னதைக் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. கற்பனையை நினைத்தால் நிறுத்தலாம், இது நிற்பதில்லை.

நாம் எல்லோருமே மனத்துக்குள் பேசிக்கொள்கிறவர்கள்தாம். அசையவோ பேசவோ மூளை கட்டளையிடும்போது, ‘இது என் செயல்’ என்று அறிவிக்கும் நகல் ஒன்று புலனுணர்வுப் பகுதிகளுக்கும் செல்கிறது. நம்மை நாமே கிச்சுக்கிச்சு மூட்டினால் அவ்வளவாகக் கூசாததற்கும் இதுவே காரணம். உள்பேச்சின்போது அந்த அறிவிப்பு தவறினால், சொந்தப் பேச்சே பிறர் குரலாகத் தோன்றும் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகின்றனர். 1987இல் வெளியான ஓர் ஆய்வில், குரல் கேட்ட 18 பேரில் 14 பேர், உள்பேச்சைத் தடுக்கும் வகையில் வாயை அகலத் திறந்தபோது அது அடங்கியதாகக் கூறினர். சிறிய ஆய்வுதான், அதை மட்டும் நம்பி எதையும் நிறுவ முடியாது. தூக்கமின்மை, கடுங்காய்ச்சல், மதுவைத் திடீரென நிறுத்துவது, துக்கம், பழைய கொடுமைகளின் நினைவு ஆகியவையும் குரல்களை எழுப்பக்கூடும்.

ஆனால் குரல் என்ன சொல்கிறது என்பதை மூளையின் இயக்கம் மட்டும் தீர்மானிப்பதில்லை. மானிடவியலாளர் டான்யா லூர்மனும் உடன் ஆய்ந்தவர்களும் கலிபோர்னியாவின் சான் மேட்டியோ, கானாவின் அக்ரா, நம் சென்னை ஆகிய மூன்று ஊர்களிலும் குரல் கேட்கும் தலா 20 பேரிடம் பேசி, 2015இல் முடிவுகளை வெளியிட்டனர். அமெரிக்கர்கள் பெரும்பாலும் வன்முறையைத் தூண்டும் அந்நியக் குரல்களைச் சொல்ல, சென்னையில் பலருக்கு உறவினர்களின் குரல் கேட்டது. அது வீட்டு வேலைகளை ஏவியது, சில நேரம் திட்டியது.

இதைப் படித்த பிறகுதான் பெரியம்மாவிடம், அது யார் குரல் என்று முதன்முறையாகக் கேட்டேன். இறந்துபோன தம் மாமியாரின் குரல் என்றார். விளக்கு வைக்கும் நேரத்தில், “உலை வச்சிட்டியா” என்று கேட்குமாம்.