துளை வழியே நுழைந்த ஈரம்: பிளாஸ்ரிக் சூரியக்கலத்தோடு பதினொரு வாரங்கள்

உறவினர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து தந்த, ஒரே அளவான இரண்டு பிளாஸ்ரிக் சூரியக்கலத் தகடுகளை மே மாதத் தொடக்கத்தில், வெள்ளவத்தையில் கடலைப் பார்த்தபடி இருக்கும் எங்கள் பல்கனியில் வைத்தேன். வெயிலை மின்னாக்கும் வினைத்திறனில் அவை சிலிக்கனுக்கு ஈடாகா என்பதை அறிந்தே தொடங்கினேன். 1986 இல் விஞ்ஞானி சிங் டாங் வெளியிட்ட, காபன் சேர்வைகளாலான சேதனக் கலம் (பிளாஸ்ரிக் கலமும் இவ்வினமே) ஏறத்தாழ 1 சதவீதமே தந்தது. இன்று ஆய்வுகூடத்தில் 19 சதவீதத்தைத் தாண்டுபவையோ மிகச் சிறிய பரப்பில் செய்யப்படுபவை. கொழும்பின் ஈரக்காற்றில் இத்தகடுகள் எவ்வளவு காலம் நிலைக்கும் என்பதே என் கேள்வி.

பருவமழைக் காலத்தில் வெயில் நிமிடத்துக்கு நிமிடம் மாறுவதால், ஞாயிறுதோறும் நண்பகலில் பக்கத்தில் வைத்த சிறு சிலிக்கன் தகட்டின் குறுஞ்சுற்று ஓட்டத்தையும் (முனைகளை நேரடியாக இணைக்கும்போது பாயும் மின்னோட்டம்) பல்மானியால் அளந்து, அதனோடு ஒப்பிட்ட விகிதத்தையே குறித்துவந்தேன். தடையிகளை மாற்றி மாற்றி இணைத்து, வலு உச்சமாகும் இடத்தையும் தேடினேன்.

முதலாவது தகட்டில் ஒரு பிழை விட்டேன். ஓரத்தில் இருப்பது கலமில்லாத வெறும் பிளாஸ்ரிக்தானே என்று எண்ணி, கம்பி கட்டுவதற்காக மூலையில் துளையிட்டுவிட்டேன். நான்காம் வாரம் துளையைச் சுற்றி மிளகளவில் ஒரு வெளிறல் தெரிந்தது. ஒன்பதாம் வாரம் அது 14 மில்லிமீற்றர் வரை ஊர்ந்து, தகட்டிலுள்ள கலக் கீற்றுகளில் கடைசியானதற்குள் புகுந்திருந்தது. எதையும் இணைக்காதபோது காட்டும் திறந்த சுற்று வோல்ற்றளவு ஏறத்தாழ அப்படியே இருந்ததால், அதை மட்டும் அளந்திருந்தால் தகடு நலமாயிருப்பதாகவே நம்பியிருப்பேன். ஆனால் உச்ச வலு தொடக்கத்தின் ஐந்தில் மூன்று பங்காகிவிட்டது. கீற்றுகள் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால், அவற்றுள் நலிந்த ஒன்றே முழுத் தகட்டின் ஓட்டத்தையும் கட்டுப்படுத்துகிறது.

ஈரமும் ஒட்சிசனும் உள்ளே போனால் மின்வாயின் உலோகம் ஒட்சியேறி, மின்னேற்றங்கள் வெளிவரும் வழி அடைபடுகிறது. வெளிச்சமும் சேர்ந்தால் கலத்தின் பிளாஸ்ரிக்கான பல்பகுதியத்தின் சங்கிலியே சிதைகிறது. இவ்வகைக் கலங்கள் பலவற்றில் உள்ள பெடொட் (மின்னைக் கடத்தும் ஒரு பிளாஸ்ரிக்) படை நீரை உறிஞ்சுவதால், ஈரம் பக்கவாட்டில் பரவுவதும் எளிதாகிறது.

துளையிடாமல் கிளிப்பால் பிடித்துவைத்த இரண்டாவது தகடு, அதே உப்புக்காற்றிலும் பத்தில் ஒரு பங்கு வலுவையே இழந்தது. ஒரு சோடித் தகடுகளை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாதெனினும், இங்கே இத்தகடுகளை வாங்குபவர் வினைத்திறனைக் கேட்பதற்கு முன் விளிம்பு எவ்வாறு மூடப்பட்டுள்ளது என்பதையே பார்க்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

ஒன்பதாம் வாரம் புறக்கோட்டையில் வாங்கிய எபொக்சிப் பசையால் துளையை அடைத்தேன். வெளிறல் பின்வாங்கவில்லை, இரண்டு வாரங்களாக, அன்று அதன் விளிம்பில் பென்சிலால் இட்ட கோட்டைத் தாண்டவும் இல்லை.