கனடாவில் பார்மசிஸ்ட் உரிமம்: தேர்வுக்கு முன்பே காலை வாரும் காகிதங்கள்

பார்மசி பட்டமான பி.பார்ம் நான்கு வருடப் படிப்பு. எந்த நாட்டுக்குப் போகலாம் என்பதில் பாதியை இந்த நான்கே முடிவு செய்துவிடும். 2003 ஜனவரி 1 முதல் பட்டம் பெற்றவர்களிடம் அமெரிக்கா ஐந்து வருடப் படிப்பு கேட்கிறது. ஆறு வருட பார்ம்.டி முடித்தவர் உள்ளே போகலாம், பி.பார்மோடு நிற்பவர் முடியாது. பிரிட்டன் என்றால் ஒரு வருட மாற்றுப் படிப்பு, அதன்மேல் 52 வாரப் பயிற்சி, பிறகு பதிவுத் தேர்வு. ஆஸ்திரேலியாவில் முதலில் எழுத வேண்டியது ஓப்ரா தேர்வு, 2025-க்கு முன் அந்த இடத்தில் காப்ஸ் தேர்வு இருந்தது. நான்கு வருடப் பட்டத்தை ஏற்று, ஊரில் இருந்தபடியே பாதி வேலையை முடிக்க விடுவதால்தான் நம்மவர்கள் பலர் கனடாவைப் பிடிக்கிறார்கள். வெறும் டி.பார்ம் டிப்ளமோ அங்கே செல்லாது.

கனடாவில் முதலில் நாப்ரா என்ற தேசிய அமைப்பின் இணைய வாசலில் பதிந்து ஓர் அடையாள எண் வாங்க வேண்டும். அந்த எண்ணோடு பி.இ.பி.சி. எனப்படும் தேர்வு வாரியத்துக்கு ஆவணச் சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். சரிபார்ப்பு முடிந்தால்தான் மதிப்பீட்டுத் தேர்வு, அதில் தேறினால்தான் தகுதித் தேர்வு, அது இரண்டு பகுதி. இவை முடிந்தபின் உரிமம் கொடுக்கும் மாகாணத்தின் வேலை. கியூபெக் மட்டும் தனி வழி, அங்கே பி.இ.பி.சி. சான்று கட்டாயமில்லை.

படிகள் இவ்வளவுதான். ஆனால் ஆறு மாதம், எட்டு மாதம் என்று இழுப்பது பெரும்பாலும் சரிபார்ப்பில்தான். அதற்கு முதல் காரணம் நம் இனிஷியல்.

மார்க் ஷீட்டில் 'கே. மீனா' என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து குடும்பப் பெயர் கட்டத்தில் உட்கார்ந்திருக்கும், அல்லது அந்தக் கட்டமே காலியாக இருக்கும். கல்யாணத்துக்குப் பின் புதுப்பித்த பாஸ்போர்ட் என்றால் கணவர் பெயரும் சேர்ந்திருக்கும். நமக்கு இது மூன்றும் ஒரே ஆள். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு மூன்று ஆட்கள். இனிஷியல் என்றால் என்ன என்று கடிதம் எழுதி விளக்கிப் பயனில்லை. எல்லா வடிவங்களையும் எழுத்துக்கு எழுத்து, புள்ளி, இடைவெளி உட்பட அப்படியே குறிப்பிட்டு, இவை அனைத்தும் ஒரே நபரைக் குறிக்கும் என்ற அஃபிடவிட்டை நோட்டரி முன் கையெழுத்திட்டு விண்ணப்பத்தோடே அனுப்பிவிடுங்கள். அவர்கள் கேட்டபின் அனுப்பினால் இன்னும் தாமதமாகும். நாப்ராவில் பதியும்போதே பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயரைக் கொடுங்கள். தேர்வு மையத்தில் காட்டப்போகும் அடையாள அட்டையும் அதே பெயரில் இருக்க வேண்டும்.

அடுத்தது டிரான்ஸ்கிரிப்ட். செமஸ்டர் மார்க் ஷீட்டுகளை ஜெராக்ஸ் எடுத்து நோட்டரி முத்திரை போட்டால் அது டிரான்ஸ்கிரிப்ட் ஆகிவிடாது. பட்டம் கொடுத்தது பல்கலைக்கழகம், ஆகவே அனுப்ப வேண்டியதும் பல்கலைக்கழகம்தான், கல்லூரி அல்ல. உறை அங்கிருந்தே நேராக வாரியத்துக்குப் போக வேண்டும். "நீங்களே அனுப்பிக்கொள்ளுங்கள்" என்று உறையைக் கையில் கொடுக்கும் வழக்கம் நம் பக்கம் உண்டு. பிரித்துப் பார்க்கும் ஆசை வரும், பிரித்தால் அந்த உறை செத்தது. விண்ணப்பத்திலேயே வாரியத்தின் முகவரியை எழுதி, கூரியர் கட்டணத்தையும் கட்டி, கண்காணிப்பு எண்ணை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. உங்கள் நாப்ரா எண்ணை உறையின் மேல் எழுதச் சொல்லுங்கள், இல்லையென்றால் அது எந்தக் கோப்புக்கு உரியது என்று தேடவே நாள் ஆகும். டி.பார்ம் முடித்து நேராக இரண்டாம் வருடத்தில் சேர்ந்தவர்கள் டிப்ளமோ மதிப்பெண்களையும் சேர்த்து அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள். இல்லாவிட்டால் முதல் வருடம் எங்கே என்ற கேள்வி வந்தே தீரும்.

பார்மசி கவுன்சிலின் நன்னிலைக் கடிதமும் (குட் ஸ்டாண்டிங் லெட்டர்) இதே மாதிரி நேராகப் போக வேண்டும். பதிவைப் புதுப்பிக்காமல் விட்டவர்கள் முதலில் அதைச் சரிசெய்துவிட்டுக் கடிதம் கேளுங்கள்.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். குடியேற்றப் புள்ளிகளுக்காகப் பொதுவான நிறுவனங்களிடம் பட்ட மதிப்பீடு வாங்கியவர்கள், உரிமத்துக்கும் அது போதும் என்று நினைக்கிறார்கள். போதாது. பார்மசிஸ்ட் என்ற தொழிலைக் காட்டிக் குடியேற விண்ணப்பித்தால், அந்த மதிப்பீட்டையே பி.இ.பி.சி.யிடம்தான் வாங்க வேண்டும். ஆங்கிலத் தேர்விலும் இதே சிக்கல். ஐ.இ.எல்.டி.எஸ். ஜெனரல் குடியேற்றத்துக்குச் செல்லும், உரிமத்துக்கு எது செல்லும் என்பதை மாகாணத்திடமே கேட்டுக்கொள்ளுங்கள். மதிப்பெண்ணின் ஆயுள் இரண்டே வருடம். உரிமத்துக்கான ஆங்கிலத் தேர்வை ஆரம்பத்திலேயே எழுதிவைத்தால், மாகாணம் கேட்கும் நேரத்தில் அது காலாவதியாகி இருக்கும்.

மதிப்பீட்டுத் தேர்வில் மருந்தியலும் வேதியியலும் நம்மவர்களுக்குக் கை வந்தவை. அலகுகளும் பெயர்களும்தான் சறுக்கும். அங்கே சர்க்கரை அளவு மில்லிமோலில். நாம் மில்லிகிராமில் 126 என்பது அங்கே 7. பதினெட்டால் வகுக்க வேண்டும். கிரியாட்டினினை 88.4-ஆல் பெருக்க வேண்டும், 1.2 என்பது 106 ஆகும். பாரசிட்டமால் அங்கே அசிட்டமினோஃபென், கிளிபென்கிளமைடு கிளைபியூரைடு, பெத்திடின் மெபரிடின். ஆனால் சல்பியூட்டமால் சல்பியூட்டமாலேதான், அமெரிக்காவில்தான் அதற்கு வேறு பெயர், அமெரிக்கப் புத்தகத்தை மட்டும் படித்துவிட்டுப் போனால் தேர்வில் தடுமாறுவீர்கள்.

எந்த மருந்தை எப்படி விற்கலாம் என்று பிரிக்கும் அட்டவணைகளும் நம் எச், எச்1 போல இல்லை. இன்சுலின் அங்கே இரண்டாம் அட்டவணை. மருத்துவரின் சீட்டு வேண்டாம், ஆனால் கவுண்டருக்குப் பின்னால் இருந்து பார்மசிஸ்ட் எடுத்துத்தான் தர வேண்டும். இந்த வகைக் கேள்விகளை நம் பாடத்திட்டம் தொடுவதே இல்லை. ஒவ்வொரு தேர்வுக்கும் மூன்று முயற்சிதான் சாதாரணமாக உண்டு, நான்காவதற்கு வாரியத்தின் அனுமதி வேண்டும். எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு வருவோம் என எழுதப் போகாதீர்கள்.

தகுதித் தேர்வின் முதல் பகுதியும் கொள்குறி வினாக்கள்தான். இரண்டாவது பகுதியான ஆஸ்கி என்ற செய்முறைத் தேர்வு, 'நிலையம்' எனப்படும் சிறு சந்திப்புகளாக நடக்கும். அதில் நோயாளியாக நடிப்பவரோ மருத்துவராக நடிப்பவரோ எதிரே இருப்பார், பக்கத்தில் ஒருவர் மதிப்பிடுவார், ஒரு நிலையத்துக்குச் சில நிமிடங்கள்தான். தெரிந்ததை எல்லாம் கொட்டுவது இங்கே பெரிய தவறு. முதலில் கேளுங்கள்: ஒவ்வாமை உண்டா, வேறு என்ன மருந்து எடுக்கிறார், சிறுநீரகம் எப்படி, கர்ப்பமா. சிக்கலைக் கண்டுபிடித்தபின் "டாக்டரைப் பாருங்கள்" என்று தட்டிக்கழிக்காமல் மாற்று மருந்து, அளவு, எத்தனை நாள் என்று சொல்லுங்கள். மருத்துவரிடமே "இந்த மருந்து வேண்டாம், இதைக் கொடுக்கலாம்" என்று பேசும் பழக்கம் நமக்கு இல்லை, அதை வாய்விட்டுப் பேசித்தான் பழக வேண்டும். நண்பர் ஒருவரை எதிரே உட்காரவைத்து, கடிகாரம் வைத்து, தினமும் நான்கு நிலையங்கள் செய்யுங்கள்.

கடைசியில் மாகாணம். ஒன்டாரியோ என்றால் பார்மசி சட்டத் தேர்வு, ஆங்கிலச் சான்று, நடைமுறை மதிப்பீடு. டொரான்டோ பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கென்றே இணைப்புப் படிப்பு நடக்கிறது. இடையில் கைச்செலவுக்குப் பார்மசியில் அசிஸ்டென்ட்டாகச் சேரலாம், அதற்கு உரிமம் தேவையில்லை, கனடா மருந்துப் பெயர்களும் காதில் விழும். ஆனால் டெக்னீஷியன் என்பது அங்கே பதிவு பெற்ற தனித் தொழில். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அந்தச் சொல்லை உங்கள் பெயருக்குப் பக்கத்தில் போட்டுவிடாதீர்கள்.