அணைக்கச் சொன்ன கைபேசி

“ஃபிளைட் மோடில்தானே இருக்கிறது, இன்னும் ஏன் அணைக்க வேண்டும்?” என்று அந்தத் தாய் கேட்டார். “கேப்டனின் உத்தரவு, மேடம்” என்றேன், விமானப் பணியாளரான நான். நான் சொன்னது பொய்யல்ல. ஆனால் அவர் கேட்டது உத்தரவு யாருடையது என்று அல்ல.

கடும் பனிமூட்டத்தில் விமானம் தானியங்கி முறையில் தரையிறங்கவிருந்ததால், எல்லாச் சாதனங்களையும் முழுமையாக அணைக்கும்படி அறிவித்திருந்தோம். 2013 அக்டோபரில் அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்.ஏ.ஏ. விதிகளைத் தளர்த்தியதும் ஐரோப்பாவும் அதே வழியில் வந்தது. அதன்பின் புறப்படும்போதும் இறங்கும்போதும் கைபேசியை ஃபிளைட் மோடில் வைத்தால் போதும் என்பது பயணிகளுக்குப் பழகிவிட்டது. பார்வைத்திறன் மிகக் குறைந்த தரையிறக்கத்தில் அணைக்கச் சொல்லலாம் என்ற பகுதி அந்தத் தளர்விலேயே இருக்கிறது. அரிதாகவே தேவைப்படுவதால் அது யார் நினைவிலும் நிற்பதில்லை.

அவருடைய மகனின் மேற்கையில் நாணயம் அளவுக்கு ஒரு சென்சார் ஒட்டியிருந்தது. முதல் வகை நீரிழிவு உள்ள பையன். தோலுக்கு அடியிலுள்ள திரவத்தில் சர்க்கரையை அளந்து, 5 நிமிடத்துக்கு ஒருமுறை புளூடூத் வழியாகத் தாயின் கைபேசிக்கு அது அனுப்பிக்கொண்டிருந்தது. திரையில் 96 என்ற எண்ணும், பக்கத்தில் கீழ்நோக்கிச் சாய்ந்த ஓர் அம்புக்குறியும் தெரிந்தன. பையன் அரைத்தூக்கத்தில் இருந்தான். தூங்கும் குழந்தைக்குச் சர்க்கரை இறங்குவது பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாமல் போகலாம் என்பதால்தான் அந்தக் கைபேசியில் அலாரம் இருக்கிறது.

“அவ்வளவு ஆபத்து என்றால் இதை ஏன் உள்ளே கொண்டுவர விடுகிறீர்கள்?” என்பது அவருடைய அடுத்த கேள்வி. அதற்கு என்னிடம் பதில் இருந்தது, சொல்ல நேரமில்லை. வானம் தெளிவாக இருக்கும்போது கருவி ஒன்று தவறாகக் காட்டினாலும் விமானி தன் கண்ணால் ஓடுபாதையைப் பார்த்துத் திருத்திக்கொள்வார். மூடுபனியில் அந்தக் கண் இல்லை. தரையிலிருந்து 108 முதல் 112 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் வந்து ஓடுபாதையின் திசையைக் காட்டும் குறிப்பையும், 330 மெகாஹெர்ட்ஸை ஒட்டி வந்து இறங்கும் சரிவைக் காட்டும் குறிப்பையும், ரேடியோ உயரமானி சொல்லும் உயரத்தையும் நம்பியே விமானம் இறங்குகிறது. புளூடூத் இயங்குவது 2.4 கிகாஹெர்ட்ஸில், அதுவும் சில மில்லிவாட் திறனில். இரண்டுக்கும் வெகு தூரம் என்பது எனக்கும் தெரியும். ஆனால் பழுதான சாதனம் தன் அலைவரிசைக்கு வெளியிலும் உமிழக்கூடும், விமானத்தில் இருக்கும் ஒவ்வொரு சாதனத்தையும் ஒருவராலும் சோதித்துப் பார்க்க முடியாது. 2003இல் நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச் அருகே ஒரு சிறு விமானம் இரவில், மோசமான பார்வைநிலையில் இறங்கும்போது விபத்துக்குள்ளானது. விமானியின் சொந்தக் கைபேசி கருவிகளின் காட்டலைப் பாதித்திருக்கக்கூடும் என்றே விசாரணை அறிக்கை கூறியது, அது நிரூபணமாகவில்லை. நிரூபணமாகாத அந்த ஐயத்தின் பேரில்தான் நான் அவரிடம் கைபேசியை அணைக்கச் சொன்னேன், அது சரி என்றே இப்போதும் நினைக்கிறேன்.

இருந்தும் எவற்றை அணைக்க வேண்டியதில்லை என்று சொல்லும் அமெரிக்க விதியின் விலக்குப் பட்டியலை நினைக்கும்போதெல்லாம் இந்த உறுதி தளர்கிறது. காது கேட்கும் கருவி, இதய பேஸ்மேக்கர், குரல் பதிவுக் கருவி, மின்சார ஷேவர் என்று அதில் பெயர் சொல்லி இடம்பெற்றவை உண்டு. மருத்துவக் கருவி தனித்து இயங்கிய காலத்தில் எழுதிய பட்டியல் அது. இன்று கருவியின் பாதி உடலிலும் மறுபாதி கைபேசியிலும் இருக்கிறது, இதில் எந்தப் பாதியை விதி காக்கிறது என்பதை இருக்கைகளுக்கு நடுவே நின்றபடி நான் தீர்மானிக்க வேண்டியிருந்தது. கேப்டனிடம் கேட்டிருக்கலாமே என்று சக ஊழியர் ஒருவர் பின்னர் சொன்னார். 10,000 அடிக்குக் கீழே, பாதுகாப்புக்கு இன்றியமையாத காரணம் இல்லாமல் விமானி அறையை அழைப்பதில்லை. மூடுபனியில் இறங்கும் விமானிகளின் கவனத்தைக் கலைப்பதே ஓர் அபாயம். ஒரு குழந்தையின் சர்க்கரை அளவு அந்த இன்றியமையாத காரணங்களில் சேருமா என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. இப்போது தோன்றுகிறது, ஆனால் விடை கிடைக்கவில்லை.

அவர் வாக்குவாதம் செய்யவில்லை. பையிலிருந்து குளுக்கோமீட்டரை எடுத்து, பையனின் விரல் நுனியில் குத்தி, ஒரு துளி ரத்தத்தைப் பட்டையில் தொட்டார். 91. சிறிய பழச்சாறுப் பெட்டியை உறிஞ்சக் கொடுத்து, அவன் பாதிக்கு மேல் குடித்ததை உறுதிசெய்த பிறகே கைபேசியை அணைத்து, அணைந்த திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

தரையிறங்கியதும் கைபேசியை இயக்கினார். இடைப்பட்ட அளவுகளைச் சென்சார் சேமித்து வைத்திருந்ததால் விடுபட்ட கோடு நிரம்பியது. 74 வரை இறங்கி மேலேறியிருந்தது. அந்த எண்ணை என் முடிவுக்குச் சாதகமாகவும் படிக்கலாம், பாதகமாகவும் படிக்கலாம். பழச்சாறு கொடுக்காமல் இருந்திருந்தால் என்று நான் பலமுறை கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன்.

நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவுக்கு எழுதிக் கேட்டேன். இத்தகைய கைபேசியைப் பற்றிப் பயணி முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும், முடிவு கேப்டனுடையது என்று பதில் வந்தது. இப்போதெல்லாம் சென்சார் கண்ணில் பட்டால் ஏறும்போதே விசாரித்து, புறப்படும் முன் கேப்டனிடம் சொல்லிவிடுகிறேன். சட்டைக் கைக்குள் மறைந்திருப்பவை எனக்குத் தெரிய வாய்ப்பில்லை. மீண்டும் அப்படி ஒருவர் மூடுபனியில் கேட்டால், உத்தரவு என்பதோடு நிறுத்தாமல் காரணத்தையும் சேர்த்துச் சொல்வேன். பிள்ளையின் எண் தெரியாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு தாய்க்கு அந்தக் காரணம் போதுமா என்று கேட்டால், போதும் என்று என்னால் சொல்ல முடியவில்லை.